குளிசைத் துடக்கு

உடும்பு நெய்யின் மணம் மூக்கோடு நிற்பதில்லை. நாக்கின் அடியில் போய்க் குந்திக்கொள்ளும். பழுத்த புண், நாட்பட்ட மீன் செதில், அடிப்பிடித்த எண்ணெய் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த மணம். அக்காவின் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே எனக்கு வாய் ஊறும். பசியில் ஊறுகிற ஊறல் அல்ல அது, சத்தி எடுக்க முந்தி ஊறுகிற ஊறல். அவள் அந்த நெய்யை இரண்டு முழங்கால்களிலும் பூசி, பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றி, தகரக் கூரையின் வெக்கைக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு இருப்பாள். நெய் உருகிப் பாயில் கறையாகும். கறையில் எறும்பு மொய்க்கும். எறும்பைத் தட்டிவிடக் குனிய அவளால் ஏலாது.

நான் அப்போது மன்னாரில், உப்புக்குளத்தில் வாடகைக்கு இருந்து பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் வெள்ளாங்குளம் பஸ்ஸில் ஏறி, பாலத்தைத் தாண்டி, செம்மண் புழுதியைத் தின்று, றோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் வயல் ஊருக்குப் போவேன். முகாமிலிருந்து விடப்பட்டவர்கள் ஒவ்வொரு குடும்பமாக வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். கொடுத்த தகரத்தைக் கூரையாக்கி, கொடுத்த தறப்பாளைச் சுவராக்கி, காடு ஏறிய வளவுகளில் தங்கள் கிணறு எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அப்படி வந்தவள்தான். அத்தான் இல்லை, சண்டையின் கடைசி மாதங்களில் கடற்கரை மணலில் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவளோடு ஊர் திரும்பியவை இரண்டு முழங்கால்கள். அவையும் அவளுக்கு எதிராகவே திரும்பியிருந்தன.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூசு கட்டிக்கொடுத்திருந்தார்கள். குந்துகிற கக்கூசு. அதைத் திட்டம் போட்டவர், மேற்பார்வை செய்தவர், திறந்துவைத்துப் படம் பிடித்தவர் எல்லாருக்கும் மடங்குகிற முழங்கால் இருந்திருக்க வேண்டும். அக்கா கதவு நிலையில் ஒரு கயிற்றைக் கட்டியிருந்தாள். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பாதி குந்தி, பாதி நின்று, ஒவ்வொரு முறையும் காலிலும் பாவாடையிலும் நனைந்து, அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வருவாள். அதனால் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். உதடு வெடித்துத் தோலுரிந்து கிடந்தது. தண்ணீர் குடி என்று நான் ஏசினால், குடிக்கலாம், பேந்து நீ வந்து என்னைத் தூக்கிப் பிடிப்பியோ என்று கேட்பாள். நான் கயிற்றைப் பார்ப்பேன். கயிற்றின் நடுப்பகுதி கை பிடித்துப் பிடித்துக் கறுத்து வழுவழுத்திருந்தது.

அந்த முழங்கால்களைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் நோவு மட்டும் இல்லை. அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அத்தானைப் புதைத்த மணலைக் கையால் அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்குத் திரும்பிய பின்னேரம் அது. எங்கள் ஊர்க் கோயில் அம்மாளை நினைத்து, என்னை என்ரை மண்ணிலை கொண்டுபோய் விடு, உன்ரை முதல் பொங்கலுக்கு என்ரை கையாலை மா இடிச்சு விளக்கு ஏத்துறன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாள் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி அக்காவின் பங்குதான் மிச்சம். கோயிலுக்கு முகட்டுத் தகரம் போட்டாகிவிட்டது. வருகிற வைகாசியில் முதல் பொங்கல்.

மாவிளக்குக்கு மா இடிப்பது எங்கள் ஊரில் எல்லாரும் தொடுகிற வேலை இல்லை. மாதச்சுகயீனம் நின்றுபோன பெண்கள்தான் இடிக்கலாம். கோயில் முற்றத்திலேயே ஊறவைத்த பச்சையரிசியை உரலில் போட்டு, நின்றபடி இடித்து, பிறகு நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து அரிதட்டால் அரித்து, சர்க்கரையும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்ற வேண்டும். நிற்க வேண்டும், நிலத்தில் இருக்க வேண்டும், எழும்ப வேண்டும். மூன்றுமே அக்காவால் ஏலாதவை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிழமைக்கொருமுறை வந்த நடமாடும் கிளினிக்கில், தேய்மானம், பாரம் குறையுங்கோ, கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யுங்கோ என்று சொல்லி வலிக் குளிசை கொடுத்தார்கள். பயிற்சி ஒரு மருந்து என்பதை அக்கா நம்பவில்லை. பக்கத்து வளவுக்காரன் அடித்த உடும்பை நம்பினாள். அதற்கு முந்தி எருக்கிலை வதக்கிக் கட்டினாள், வேப்பெண்ணெயில் உள்ளி காய்ச்சிப் பூசினாள், எவரோ சொன்னார்கள் என்று எதையோ அரைத்துப் பூசியதில் தோல் கொப்பளித்து நீர் வடிந்தது. ஒரு பெண்ணின் உடம்பு கிழடாகத் தொடங்கினால் அது ஊருக்குப் பொதுவான அம்மியாகிவிடுகிறது. ஆரும் வந்து எதையும் அரைக்கலாம்.

அந்த நாட்களில் எனக்கும் மாதச்சுகயீனம் பிந்திப் பிந்தி வந்து, உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு அடுப்பு எழும்பிக் கழுத்தில் ஏறும். சட்டை முதுகில் ஒட்டும். என் வியர்வையின் மணம் எனக்கே புதிதாக, பிறத்தியாளுடையதைப்போல இருக்கும். இந்தக் கொதிப்பு அக்காவுக்கு வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. குண்டுக்கும் பசிக்கும் நடுவில் அதைக் கணக்கிலெடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் பள்ளிக்கூடப் பரீட்சை, சுகயீனம் என்று நான் போகவில்லை. திரும்பப் போன சனிக்கிழமை படலையில் உடும்பு மணம் இல்லை. முற்றம் கூட்டியிருந்தது. அக்கா கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரோடு நடந்து வந்தாள். அவள் கால்கள் அகன்று ஆடவில்லை. முகத்தில் ஒரு மினுமினுப்பு. இரவு நித்திரை வருகுதாம், வெக்கை இல்லையாம், முழங்கால் காலையில் இறுகிக் கிடப்பதில்லையாம். பயிற்சி செய்தாயா என்று கேட்டேன். சிரித்தாள். வைகாசிக்கு உலக்கை பிடிப்பன், நீ வந்து பார் என்றாள். அன்றைக்கு அவள் பின்னேரம் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். செம்பு நிறைய, மடக் மடக்கென்று. அந்தத் தொண்டை அசைவு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வருஷத்தில் நான் பார்த்த ஒரேயொரு அழகான காட்சி அது.

மறுநாள் விடிய முகம் கழுவப் போனபோது கிணற்றடி மூலையில், வாழைக்குக் கீழே, மூடி போட்ட வாளியொன்று இருந்தது. மூடியில் இலையான் மொய்த்தது. திறந்தேன். சவர்க்காரத் தண்ணீரில் துணிகள் ஊறிக் கிடந்தன. தண்ணீர் பழுப்பும் சிவப்பும். அந்த மணத்தை எந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என் மணம், எங்கள் அம்மாவின் மணம், பன்னிரண்டு வயதில் மூலையில் இருத்தப்பட்டு எனக்கு நானே அருவருப்பாய், அரியண்டமாகிப்போன நாளின் மணம். ஆனால் இது அக்காவின் வாளி. அவளுக்கு நின்று ஆறேழு வருஷம் இருக்கும்.

பின்னால் வந்து நின்றாள். மூடியை என் கையிலிருந்து பறித்து மூடினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வெட்கப்பட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே என்னைப் பார்க்க அரியண்டமாக் கிடக்கு. கிழடு பத்தின வயசிலை இது என்ன கூத்து?" என்றாள்.

கேட்கக் கேட்க வெளியே வந்தது. கனடாவில் இருக்கும் எங்கள் சின்னவள், மூன்று பேரில் கடைசித் தங்கச்சி, போனில் இவளின் கொதிப்பையும் முழங்காலையும் கேட்டிருக்கிறாள். தனக்கும் அதே கரைச்சல் இருந்தது, நின்றபிறகு பெண்களுக்குக் கொடுக்கிற ஓமோன் குளிசை ஒன்று தான் குடித்ததில் எல்லாம் போய்விட்டது, மாடிப்படி ஏறி இறங்குகிறேன் என்றிருக்கிறாள். யாழ்ப்பாணத்துக் கோயில் தேருக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் கையில் சொக்கிளேட், சவர்க்காரம், ஒரு சோடிச் சப்பாத்து, சப்பாத்துக்குள் சுருட்டிய காலுறை, காலுறைக்குள் குளிசை என்று அனுப்பியிருக்கிறாள். எங்கள் சனத்தின் அன்பு இப்படித்தான் பிரயாணம் செய்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வயிற்றுக்குப் பொருந்திய மருந்தை எங்கள் வாய்க்குள் போட்டுவிடுவார்கள். டொக்டர் ஒருவரும் தேவையில்லை. கனடாவிலிருந்து வந்ததே போதும்.

சின்னவளுக்கு அன்றைக்கே போன் எடுத்தேன். உனக்கும் இப்படி ரத்தம் வந்ததா என்று கேட்டேன். எனக்கு எப்பிடியக்கா வரும், எனக்குத்தான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டினமே என்றாள். கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷமாம். எங்களிடம் சின்ன ஒப்பரேசன் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தாள். நாங்களும் என்ன ஒப்பரேசன் என்று கேட்கவில்லை. அந்த இடத்துப் பெயரை வாயால் சொன்னால் வாய் நாறும் என்று வளர்க்கப்பட்ட மூன்று பெண்கள். ஒருத்தி தன் பை போனதை மறைத்தாள், ஒருத்தி குளிசையை மறைத்தாள், ஒருத்தி தன் கொதிப்பை மறைத்துக்கொண்டு வகுப்பில் தமிழ் படிப்பித்தாள். குளிசையைப் பற்றிச் சின்னவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அழுதாள். அழுகையை நிறுத்தச் சொல்லிவிட்டு, உடனே மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வரமாட்டேன் என்றாள். அடுத்த நாள் பின்னேரம் கோயிலில் கூட்டம். பொங்கல் வேலைகளைப் பிரிக்கப் போகிறார்கள். மா இடிக்கிறவர்களை அன்றைக்குத்தான் சொல்வார்கள். அது முடியட்டும் என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நின்றேன்.

பாலை மரத்தின் கீழே கூட்டம். ஆண்கள் பிளாஸ்ரிக் கதிரைகளில், பெண்கள் மணலில். கோயில் தலைவர் முந்திச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். அக்காவைவிடச் சில வயது இளையவர். கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கதைக்கும் பழக்கம். ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் பக்கவாட்டாகத் துப்புவார். மணலில் சிவப்பு விழுந்து உருண்டை உருண்டையாகக் கிடக்கும். மா இடிக்க முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்பார்களாம். இப்போது, செத்தவர்களும் வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருப்பவர்களும் போக, அக்காவோடு மூன்றே பேர்.

பூசாரியார் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். துடக்கு ஒண்டும் இல்லைத்தானே? செத்த வீடு, பிள்ளை பெற்ற வீடு என்று தீட்டை நினைத்துக் கேட்கிற கேள்வி அது. அந்த வயதுப் பெண்களிடம் வேறெதையும் நினைத்து ஒருவரும் கேட்பதில்லை. மற்ற இருவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டியிருக்கலாம். தலையாட்டு என்று நான் அவள் முதுகைத் தொட்டேன். ஆனால் அம்மாளின் வாசலில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"எனக்கு மாசச்சுகயீனம் திரும்ப வந்திட்டுது. குளிசை குடிச்சனான். அதாலை."

தொடங்கினார்கள். அந்த வயதிலும் வருமோ என்று ஒருவர். கனடாக் குளிசை எண்டால் கிழவியும் குமரியாகும் என்று பின்னாலிருந்து ஒருவர். அதற்கு ஒரு சிரிப்பு. பொருளாளர் படித்தவர், நியாயம் பேசுகிறவர். இயற்கையாக வந்தால்தான் துடக்கு, குளிசையால் வந்தது காயம் மாதிரி என்றார். காயத்தில் ரத்தம் வடிந்தாலும் உள்ளே விடுவதில்லையே என்றார் தலைவர். குளிசையை நிறுத்தினால் நின்றுவிடும், நின்றபிறகு தலை முழுகினால் சரிதானே என்று இன்னொருவர். ஒருக்கா நின்று திரும்ப வந்தது, இனி நின்றது என்பதை எப்படி நம்புவது என்று கிழவர் ஒருவர். இதற்கு முந்தி இப்படி ஒன்று ஊரில் நடந்ததில்லை என்பதால் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். குளிசைத் துடக்கு. குளிசைத் துடக்குக்கு எத்தனை நாள், குளிசைத் துடக்குக்காரி முற்றத்தில் நிற்கலாமா, வெளிவீதியில் நிற்கலாமா. சிவந்த வாய்கள் திறந்து மூடின. எச்சில் மணலில் விழுந்தது. என் அக்காவின் கால்களுக்கு நடுவே இருந்ததை எடுத்து நடுவில் வைத்து, ஆளுக்கொரு தடியால் கிண்டிப் பார்த்தார்கள். அவள் மணலில் காலை நீட்டிக்கொண்டு, நீட்டிய காலின் மேல் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவர்களில் ஒருவர்கூட, பிள்ளை, உனக்கு என்ன நோய் வருத்தம் என்று கேட்கவில்லை. பெண்களும் கேட்கவில்லை. எழும்பிச் சொன்னேன், நின்றுபோனவளுக்குத் திரும்ப ரத்தம் வந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், முதலில் அதைக் கதையுங்கோ என்று.

தலைவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "அதுகும் சரிதான் ரீச்சர். ஆனா அது ஆஸ்பத்திரி விஷயம். இது கோயில் விஷயம்."

பொங்கலுக்கு ஒரு கிழமை முந்தி கோயிலில் விளக்கு வைக்கிற நாளன்று வந்து நின்றுவிட்டது என்று சொன்னால் இடிக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று முடித்தார்கள். பிறகு தேத்தண்ணி வந்தது. எல்லாரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி, வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்த கழுதைகளைச் சுற்றிக்கொண்டு, மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் ஒரு இளம்பெண், யாழ்ப்பாணத்துப் பேச்சு. குளிசை மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கர்ப்பப்பை இருக்கிற ஆளுக்கு இந்த ஓமோனைத் தனியே கொடுப்பதில்லை என்றார். கூடவே மற்ற ஓமோனும் வேண்டுமாம். இல்லாவிட்டால் பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும், ரத்தம் போகும், விட்டால் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம். பை எடுத்த தங்கச்சிக்குச் சரியான குளிசைதான் அக்காவுக்குப் பிழையாகிவிட்டது. உள்தோலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

அக்கா கேட்டது வேறு. அப்ப முழங்கால்?

டொக்டர் அவசரப்படாமல் சொன்னார். மாதவிடாய் நிற்கிற காலத்து உடம்பு நோ சிலருக்கு இதனால் குறைவதுண்டு. நித்திரை வந்தாலே பாதி நோ தெரியாது. ஆனால் தேய்ந்த முழங்காலுக்கு இது மருந்து என்று உறுதியாகச் சொல்ல ஏலாது. தொடைத் தசை உரமானால்தான் முழங்காலின் பாரம் குறையும், அதற்குப் பயிற்சி. கிளினிக்கில் சொன்ன அதே பயிற்சி. இந்தக் குளிசையை இன்றோடு நிறுத்துங்கோ என்றார்.

சோதிக்கிற கட்டிலில் மல்லாந்து காலை மடித்து அகற்றச் சொன்னபோது அக்காவின் முழங்கால்கள் மடியவில்லை. மடிக்கப் பார்த்தபோது உள்ளே கல் அரைபடுகிற சத்தம். நான் ஒரு காலையும் தாதி ஒரு காலையும் தாங்கிப் பிடித்தோம். டொக்டர் தலையணையொன்றை எடுத்துத் தானே கீழே வைத்தார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு அம்மாளே அம்மாளே என்று முனகினாள். கையில் பிடித்திருந்த அந்தக் கால், நரம்பு புடைத்து, கண்டதையும் பூசிய கொப்பளத் தழும்புகளோடு, என் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அருவருப்பு இருந்தது. ஆனால் அது அந்தக் காலின் மேல் இல்லை. பாலை மரத்தின் கீழே கதிரை போட்டு இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் கூட்டிவந்து இந்தக் காலைப் பிடிக்கவைக்க வேண்டும்போல் இருந்தது.

சோதனை முடிவு வரும்வரை அக்கா என்னோடு உப்புக்குளத்தில் இருந்தாள். குளிசையை நிறுத்திய சில நாட்களில் ரத்தம் நின்றது. கொதிப்பு வந்தது. நித்திரை போனது. முழங்கால்கள் காலையில் மறுபடி இறுகின. கதிரையில் இருந்து காலை நீட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தாள். செய்யும்போது டொக்டரையும் கனடாவையும் என்னையும் சேர்த்து ஏசுவாள். இரவில் இரண்டு பேரும் கொதித்துப்போய் எழும்பி, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளையாள் பார்க்காமல் கொப்பி மட்டையால் விசுக்கிக்கொண்டு இருப்போம்.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. தோல் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கழிக்க வேறு குளிசை தந்தார்கள். அது முடிந்ததும் சில நாளைக்கு ரத்தம் போகும், பயப்படத் தேவையில்லை, பிறகு வந்து காட்டுங்கோ என்றார் டொக்டர். திரும்புகிற பஸ்ஸில் அக்கா விரல்களை மடித்து மடித்து எண்ணினாள். குளிசை முடிகிற நாளும் பொங்கலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. குளிசையைத் தள்ளிப் போடுவோமா என்று நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னை உயிரோடை கொண்டுவந்து விட்டது அம்மாள். உந்தக் கோயில் ஆக்கள் இல்லை."

தந்த குளிசையைத் தள்ளிப் போடாமல் குடித்தாள். விளக்கு வைக்கிற நாளில் கோயிலுக்குப் போய், இன்றைக்கு இல்லை என்று சொன்னாள். உண்மைதான். தலைவர் யோசித்துவிட்டு, சரி, இடியுங்கோ, ஆனால் பொங்கலன்று விடிய ஒருக்காக் கேட்பேன் என்றார்.

பொங்கலன்று விடிய வந்துவிட்டது. அவள் என்னிடம் சொல்லவில்லை. வாளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குளித்து, துணியை மடித்து வைத்துக் கட்டி, அதற்கு மேல் இன்னொன்றைக் கட்டி, தோய்த்துலர்ந்த சேலையை உடுத்தாள். பிறகு ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வாயைக் கட்டினாள். மா இடிக்கிறவர்கள் எச்சிலோ மூச்சோ மாவில் படாமல் வாய் கட்டுவது வழக்கம். கட்டினால், விளக்கு ஏற்றும்வரை அவர்கள் வாய் திறக்கக் கூடாது, எவரும் திறக்கவைக்கவும் கூடாது. கோயிலில் உரலடியில் நின்றுதான் கட்டுவார்கள். அக்கா வீட்டிலேயே, படலைக்கு உள்ளே நின்று கட்டினாள். கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். துணிக்கு மேலே கண்கள் மட்டும். அவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தலைவர் வாசலில் நின்றார். கேட்க வாயைத் திறந்தார். துணியைப் பார்த்தார். திறந்த வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

அவள் இடித்ததை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். உலக்கை எழும்பும்போது முழங்கால்கள் நடுங்கின. விழும்போது அவள் முகமும் சேர்ந்து விழுந்தது. மூக்குக்குக் கீழே துணி வியர்வையில் நனைந்து ஒட்டியது. மற்ற இரண்டு பெண்களும் அவளுக்கு இளைப்பாற இடம் விட்டு விட்டு இடித்தார்கள். அவள் அந்த இடத்தை எடுக்கவில்லை. அரிக்க நிலத்தில் இருக்க வேண்டிய நேரம் வந்தபோது இருக்கவில்லை, விழுந்தாள். விழுந்த இடத்திலேயே காலை நீட்டிக்கொண்டு அரித்தாள், பிசைந்தாள், குழித்தாள். நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினாள். சுடர் நின்றது. பறை அடித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

விளக்கு அணைந்தபிறகு மாவைப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். தலைவருக்குப் பெரிய துண்டு. வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வாங்கினார். நெய் ஊறிய மா விரல்களுக்கு இடையில் வழிந்தது. விரலை நக்கினார். இன்னொரு துண்டு வாங்கி முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டு, நல்ல பதம் அக்கா என்று சொல்லியபடி அவள் இருந்த இடத்துக்கு வந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேளாத குரலில், அது நிண்டுட்டுதுதானே என்று கேட்டார்.

அக்கா வாய்த்துணியை அவிழ்த்தாள். அவரைப் போலவே மெல்லிய குரலில் சொன்னாள்.

"இல்லைத் தம்பி. இண்டைக்கு விடியத் திரும்ப வந்தது."

அவருடைய தாடை நின்றுவிட்டது. கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. நான் அந்தக் கன்னத்தையே பார்த்தேன். துப்புவதென்றால் அம்மாளின் பிரசாதம். விழுங்குவதென்றால் குளிசைத் துடக்கு. சனத்தைக் கூப்பிட்டுச் சொல்வதென்றால், இரண்டு துண்டு தின்றவர் அவர். பூசாரியார் தின்றுவிட்டார், பொருளாளர் தின்றுவிட்டார், அந்தக் கிழவர் தன் பேரப்பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டார். அவருடைய கண்கள் ஒவ்வொருவராகப் போய்த் திரும்பின. கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினார். சால்வையால் வாயைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்.

அக்கா தன் பங்குத் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, மெதுவாகச் சப்பினாள். முடித்துவிட்டு எனக்குக் கை நீட்டினாள்.

"என்னை ஒருக்காத் தூக்கிவிடு. முழங்கால் செத்துப்போச்சு."